பதிலையும் கையோடு கொடுக்கும் டாக்டர்

உலகத்தில் கேள்வி கேட்பவர்கள் ஒரு கூட்டம், பதில் சொல்பவர்கள் ஒரு கூட்டம் என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. இந்த இனம் கேள்வியைக் கேட்கும், கேட்ட வாயாலேயே பதிலையும் சொல்லும், எதிரில் இருப்பவருக்குத் தலையாட்டுகிற வேலையை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவைக்கும். இதைப் பார்க்கக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். காலில் ஒரு சிராய்ப்போடு எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள்ளும் நுழைந்து பாருங்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு, வாயில் உங்களுடைய பதில். அதுதான்.

நாம் பார்க்கப் போகிறவருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் ‘ரெடிமேட்’. அளவெடுக்க மாட்டார், பார்த்த மாத்திரத்தில் ஒரு பதிலை எடுத்து உங்கள் தலைவழியாக மாட்டிவிடுவார். இறுக்குகிறதா, தொளதொளக்கிறதா என்பதெல்லாம் உங்கள் பாடு.

“வாங்க தாத்தா, என்ன, மூட்டு வலியா? ராத்திரியில ஜாஸ்தியா இருக்குமே? மாடி ஏறினா குத்துமே? நினைச்சேன். சிஸ்டர், எழுதிக்கங்க.”

தாத்தா வந்தது காது அடைப்புக்கு. ஆனால் தாத்தாவுக்கும் மூட்டு என்று ஒன்று இருக்கிறது, அது வலிக்கவும் செய்கிறது. மறுத்துப் பேச என்ன இருக்கிறது? மாத்திரையை வாங்கிக்கொண்டு, சிஸ்டர் சொன்ன எதுவும் காதில் விழாமல் போய்ச் சேர்ந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மத்தியானம் மனைவிக்குப் போன் போடுவார். “ஹலோ, சாப்பிட்டியா, சாப்பிட்டிருப்பே, நானும் சாப்பிட்டேன், மாத்திரை போட்டாச்சு, சாயந்திரம் லேட்டாகும், கோவம் ஒண்ணும் இல்லையே, சரி வெச்சிடறேன்.” அந்தம்மா இதுவரை “ஹலோ” கூடச் சொன்னதில்லை. ஒருநாள் அவசரத்தில் ராங் நம்பருக்குப் போட்டுவிட்டார். கடைசிவரை அவருக்கும் அது தெரியவில்லை. எங்கேயோ யாரோ ஒரு லாரி டிரைவர், தன்மேல் ஒருவருக்கு இவ்வளவு அக்கறையா என்று அன்றைக்கு முழுக்கக் குழம்பிப்போயிருப்பார்.

கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. கையில் காசில்லாதவரிடம் காசு கேட்க மாட்டார். ஊசி போட்டால் அழுகிற குழந்தைக்குச் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்து, “வலிக்கல இல்ல? வலிக்கல” என்று தானே சமாதானமும் ஆகிவிடுவார். வேகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து அறை டாக்டர் ஒரு நோயாளியிடம் பெயரும் வயதும் விசாரித்து முடிப்பதற்குள் இவர் நான்கு பேரைக் குணப்படுத்தி அனுப்பியிருப்பார். குணமானதா என்று கேட்கிறீர்களா? அதையும் அவரே சொல்லிவிடுவார்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வேகத்துக்கு இன்னும் வேகம் வரும். ஒரு பெண் முகத்தில் வீக்கத்தோடு, அல்லது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு புருஷனோடு உள்ளே வருகிற நேரம்.

“வாங்கம்மா. என்ன, வழுக்கி விழுந்துட்டீங்களா? பாத்ரூம்தானே? சோப்புத் தண்ணியா? டைல்ஸ் போட்ட வீடுன்னாலே இப்படித்தான். ரப்பர் மிதியடி வாங்கிப் போடுங்க சார்.”

“போட்டுடறேன் சார்,” என்பார் சார்.

அவ்வளவுதான். எழுதியாயிற்று, கட்டுப் போட்டாயிற்று, அடுத்த ஆள். ரெடிமேட் எழுதிவைத்ததை அப்படியே நம்பினால், அந்த ஊரில் உயிருக்கு ஆபத்தான இடம் நெடுஞ்சாலை இல்லை, குளியலறை. அதுவும் சாதாரணக் குளியலறை இல்லை, பெண்களாகப் பார்த்து வழுக்கிவிடுகிற குளியலறை. அதே டைல்ஸ், அதே சோப்பு, ஆண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்துவிட்டு வருகிறார்கள். கதவுகள் இன்னும் மோசம். கண்ணுக்குக் கீழே இடம் பார்த்து இடிக்கிற கதவுகள். மேல்கையில் நான்கு விரல்கள் தெளிவாகப் பதிகிற மாதிரி பிடித்து இழுக்கிற கதவுகள். அந்தக் கதவுகளைச் செய்த தச்சர் யார் என்று யாராவது விசாரித்தார்களா? ம்ஹூம்.

ரெடிமேடுக்கு இது தெரியாதா? அங்கேதான் விஷயம். விரல் தடத்துக்கும் கதவுக்கும் வித்தியாசம் தெரியாமலா டாக்டர் பட்டம் கொடுப்பார்கள்? அவருக்குப் பயம். கேள்வியைக் கேட்டுச் சும்மா இருந்துவிட்டால், ஒருவேளை நிஜமாகவே ஒரு பதில் வந்துவிட்டால், அதை வாங்கி எங்கே வைப்பது? அவர் மேஜையில் காய்ச்சலுக்கு இடம் உண்டு, எலும்பு முறிவுக்கு இடம் உண்டு, இதற்கு இடமில்லை. அதனால் பதில் வருகிற வாசலில் முந்திக்கொண்டு போய்த் தானே நின்றுகொள்வார்.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களை அடையாளம் கண்டு உதவ எல்லா ஆஸ்பத்திரிகளும் தயாராக வேண்டுமாம். நிர்வாகம் தயாராவதில் கெட்டி. என்ன சொன்னாலும் முதலில் ஒரு போர்டு அடிப்பார்கள்.

பெண்கள் தனியாக, ரகசியமாகப் பேச ஓர் அறை வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கதவுக்கு மேலே ஒன்பதடி நீளத்தில் ஒரு போர்டு மாட்டினார்கள். ‘வீட்டில் அடிபடும் பெண்களுக்கான ரகசிய அறை.’ அதற்குக் கீழே சிவப்பில் ஓர் அம்புக்குறி. ரகசியம் இருட்டில் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று உள்ளே டியூப் லைட் வேறு. புருஷன்மார் உட்கார்ந்து காத்திருக்கிற பெஞ்சு அந்தப் போர்டுக்கு நேர் எதிரே. தலையை நிமிர்த்தினால் அதுதான் தெரியும். அந்த அறைக்குள் இதுவரை ஒரு பெண்ணும் நுழையவில்லை. சக்கர நாற்காலிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன.

பிறகு பயிற்சி. கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்தார். பொறுமையான மனுஷி. பெண்ணைத் தனியாக வைத்துக் கேளுங்கள், சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், நம்புங்கள், என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள், வீட்டுக்குத் திரும்பிப் போவது ஆபத்தா என்று பாருங்கள், அவசரப்பட்டு அறிவுரை சொல்லாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெடிமேட் முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடம் ஒவ்வொரு வாக்கியத்தைத் தொடங்கும்போதும் முடிவைத் தானே சொல்லி உதவிக்கொண்டிருந்தார்.

“இப்ப ஒரு சின்னப் பயிற்சி,” என்றார் மேடம். “டாக்டர், நீங்க டாக்டராவே இருங்க. இந்த சிஸ்டர் அடிபட்டு வந்தவங்க. கேளுங்க.”

ரெடிமேட் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “சொல்லுங்கம்மா. வீட்ல யாராவது அடிக்கிறாங்களா, இல்லைல்ல? வெரிகுட்.”

“டாக்டர், பதிலை நீங்களே சொல்லிட்டீங்க.”

“நேரம் மிச்சம் மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாயந்திரம் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். ரெடிமேட் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

பயிற்சி வீண் என்று சொல்லாதீர்கள். மறுநாளிலிருந்தே மாற்றம் தெரிந்தது. “சுகர் இருக்கா, இல்ல. பிரஷர் இருக்கா, இல்ல. வீட்ல அடி உதை, இல்ல. மருந்து எதுவும் ஒத்துக்காம போகுமா, போகாது. நாக்கை நீட்டுங்க.” இந்தக் கேள்வியைப் புருஷன் தோளுக்குப் பின்னால் நிற்கும்போதே கேட்பார். புருஷனே சில சமயம் “இல்ல சார்” என்று ஒத்தாசை செய்வார். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வீட்டில் அடிபட்டு வந்த பெண்கள் பூஜ்யம். மேலிடம் பாராட்டி எழுதியது. நிர்வாகி பூரித்துப்போனார். வன்முறையே இல்லாத ஊரில் வன்முறைக்கு இவ்வளவு தயாராக ஓர் ஆஸ்பத்திரி!

இந்த நேரத்தில்தான் ரெடிமேடுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது.

அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பல் டாக்டர் அம்மா இருந்தார். நாற்காலியில் சாய்ந்ததும், “என்ன டாக்டர், சொத்தையா இருக்கும், அடைச்சுடலாம்தானே?” என்று இவர் ஆரம்பிக்க, அந்தம்மா ஒரு வார்த்தை பேசாமல் மரத்துப்போகிற ஊசியைச் செலுத்தி, பல்லைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு பந்து பஞ்சை அடைத்தார். “கடிச்சுக்கிட்டே இருக்கணும். வாயத் தொறந்தா ரத்தம் நிக்காது. மத்தியானம்வரைக்கும் பேச்சு கூடாது. புரிஞ்சுதா?” பதில் சொல்ல வாய் இல்லாமல் ஒரு கேள்விக்கு ரெடிமேட் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

லீவு போட்டிருக்கலாம். தான் இல்லாவிட்டால் அவசரப் பிரிவு இடிந்து விழுந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. ஒரு பக்கக் கன்னம் உப்பி, உதடு ஒரு பக்கம் தொங்க, மேலே வந்து உட்கார்ந்தார். சிஸ்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னைக்குத்தான் என் காதுக்கு லீவு,” என்றார் மூத்த சிஸ்டர்.

அன்று முதலில் வந்தது ஒரு புருஷனும் மனைவியும். அவர்கள் புதுசு இல்லை. மிக்ஸி, மின்விசிறி விற்கிற கடை வைத்திருப்பவர் அவர். கடையில் எல்லாருக்கும் நல்லவர், உத்தரவாதம் முடிந்த பிறகும் ரிப்பேர் செய்து கொடுப்பார். மனைவி பஸ் நிலையத்தில் ஏதோ வேலை என்று ரெடிமேடுக்கு ஞாபகம். முன்பு ஒருமுறை புருவத்தில் தையல் போட்டிருக்கிறார். அது கதவு. இன்னொரு முறை காது வீங்கி வந்தார். அது பாத்ரூம். அந்தம்மா இந்த அறையில் “ம்” என்பதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை. இன்று வலது மணிக்கட்டு கோணலாக வீங்கியிருந்தது. இடது கையால் அதை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைக்காரர் பக்கத்தில் நின்று, டாக்டர் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்த்தார்.

ஒன்றும் வரவில்லை.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வழக்கமாக இந்த இடத்தில் “பாத்ரூமா?” என்று வரும், இவர் “ஆமா சார்” என்பார், வேலை முடிந்துவிடும். இன்று டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறார். பரீட்சைக்கு வந்த இடத்தில், வழக்கமாகக் காப்பியடிக்கக் காட்டுகிற பையன் பேப்பரை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

“இவளுக்குக் கவனமே கிடையாது சார்,” என்று ஆரம்பித்தார். “பாத்ரூம்ல... இல்ல, படிக்கட்டுல. மாடிப் படிக்கட்டு.”

மூத்த சிஸ்டர் எழுதிக்கொண்டே, “மாடி வீடா?” என்றார்.

“கீழ் வீடுதான். ஆனா படிக்கட்டு இருக்கே. வாசப்படி. ரெண்டு படி. அதுல கால் தட்டி... துணி காயப்போடப் போனா. மழை ஈரம்.”

“மழையா? மழை பேஞ்சு மாசக்கணக்காச்சே சார்.”

“ஈரம்னா, தண்ணி தெளிச்ச ஈரம். என்ன சார், நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?” கடைக்காரர் கெஞ்சாத குறையாக டாக்டரைப் பார்த்தார். “இதெல்லாம் சகஜம்தானே சார்?”

ரெடிமேடின் உச்சந்தலையில் ஏதோ ஊர்ந்தது. இந்த ஆளுக்கு ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அப்படியென்றால் முன்பெல்லாம் அவ்வளவு பிசிறில்லாமல் சொன்னாரே, எப்படி? அவர் எங்கே சொன்னார்! கதவு யாருடையது? பாத்ரூம் யாருடையது? சோப்புத் தண்ணீரைக்கூட ஊற்றிக் கொடுத்தது யார்? இத்தனை நாளாக இந்த மனிதருக்கு உட்கார்ந்து கதை வசனம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது சாட்சாத் தானேதான், அதுவும் ஓசியில் என்று அவருக்கு உறைத்தபோது, பஞ்சை அழுத்திக் கடித்துவிட்டார். வலித்தது.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மற்ற நாளாயிருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “வலது மணிக்கட்டு, ரெண்டு பக்கமும்!” என்று ஒரு சத்தம் போடுவார், வராந்தா கடைசியில் எக்ஸ்ரேக்காரருக்குக் கேட்கும். இன்று சத்தத்துக்கு வழியில்லை. எழுந்து, அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு தானே நடந்தார். கடைக்காரரும் பின்னாலேயே வந்தார்.

எக்ஸ்ரேக்காரர் வழுக்கைத் தலை, சிடுமூஞ்சி. உலகத்தில் எல்லாச் சொந்தக்காரர்களையும் சமமாக வெறுக்கிறவர். “கூட வந்தவங்க வெளியே.”

“நான் புருஷன்.”

“யாரா இருந்தா என்ன, கதிர் பட்டா உடம்புக்கு ஆகாது. வெளியே நில்லுங்க.”

கதவைச் சாத்தி, மேலே சிவப்பு விளக்கைப் போட்டார். பார்த்தீர்களா, ஒன்பதடி போர்டு செய்யாததை ஒரு சிவப்பு விளக்கு செய்துவிட்டது. படம் எடுத்து முடித்து, அதை எடுத்துவர எக்ஸ்ரேக்காரர் உள்ளறைக்குப் போனார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குளிர்ந்த அறை. ரெடிமேட் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அந்தம்மா மேஜை ஓரத்தில். சான்றிதழ் வாங்கியவராயிற்றே, மேடம் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வாய்தான் வரவில்லை. உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, பஞ்சைத் தாண்டி, எப்படியோ ஒரே ஒரு வார்த்தையைத் தள்ளினார்.

“ழ்ழன்னாச்சு?”

அந்தம்மா காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டால் டாக்டரே சொல்வார் என்பது அவருக்குப் பழக்கம். பதில் வரட்டும், தலையாட்டலாம் என்று கழுத்தைத் தயாராக வைத்திருந்தார்.

பதில் வரவில்லை. ரெடிமேடுக்குள் அது முட்டி மோதியது. பாத்ரூம் வந்தது, படிக்கட்டு வந்தது, கதவு வந்தது, எல்லாம் பஞ்சில் இடித்துத் திரும்பிப் போயின. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தில் உட்கார்ந்ததே இல்லை. சுவரில் ஒரு பல்லி பாதித் தூரம் போய் நின்று, யோசித்து, மீதித் தூரமும் போயிற்று.

“நானே சொல்லணுமா டாக்டர்?” என்றார் அந்தம்மா.

ரெடிமேட் திடுக்கிட்டார். இந்தக் குரல் அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமா? பஸ் நிலையத்தில் கால் வைத்த எல்லாருக்கும் தெரியும். எந்தப் பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது என்று ஒலிபெருக்கியில் காலையிலிருந்து சாயந்திரம்வரை சொல்கிற குரல். ஒரு எழுத்து பிசகாத, கணீரென்ற குரல். ஊர் பாதி இந்தக் குரலை நம்பித்தான் பஸ் ஏறுகிறது. அந்தக் குரல் இத்தனை தடவை தன் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறது, தான் அதிலிருந்து ஒரு “ம்” மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்.

தலையை ஆட்டினார். ஆமாம், நீங்களேதான் சொல்ல வேண்டும்.

“அவர்தான். கையை முறுக்கினார். சத்தம் கேட்டுது, அப்புறமும் விடல.” மழை வருமா என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். “போன தடவையே சொல்லலாம்னுதான் வந்தேன் டாக்டர். வாயக்கூடத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க பாத்ரூம்னுட்டீங்க. சரி, அதுதான் இவங்களுக்கு வசதி போலிருக்குன்னு விட்டுட்டேன்.”

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திட்டவில்லை.

ரெடிமேடுக்குக் கைவசம் இன்னும் இரண்டு சரக்கு இருந்தன. ஒன்று, “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா.” இன்னொன்று, “இப்பவே வாங்க, போலீஸுக்குப் போகலாம், நானாச்சு!” முதலாவது அவருடைய பழைய வழக்கம், இரண்டாவது அந்த நிமிஷத்து ரோஷம். வாய் மட்டும் திறந்திருந்தால் இரண்டில் ஒன்றை அந்தம்மா தலைவழியாக நிச்சயம் மாட்டியிருப்பார். பல் டாக்டர் அம்மா வாழ்க. இரண்டும் தொண்டையிலேயே நின்றன. அதனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, புருவத்தை உயர்த்தி, ஓர் ஊமை நாடகம் நடத்தினார். என்ன செய்யட்டும்? உங்களுக்கு என்ன வேண்டும்?

அந்தம்மாவுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்துவிட்டது. பிறகு, யாரும் இதுவரை கேட்காத அந்தக் கேள்விக்கு எப்போதோ பதிலைத் தயாராக வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

“போலீஸ் அது இதுன்னு இப்ப வேணாம். யோசிக்கணும். இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போக முடியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வழியிலேயே சொல்லிட்டார், ‘வாயத் தொறந்தே, இன்னொரு கையும் இருக்கு’ன்னு. என்னை இங்கயே படுக்க வைக்க முடியுமா? அக்காவைக் கூப்பிடணும். என் போன் அவர்கிட்ட இருக்கு.”

ரெடிமேட் தன் போனை எடுத்து நீட்டினார். அந்தம்மா இடது கையால் எண்களைத் தட்டினார்.

“அக்கா? நான்தான். இல்ல, இது டாக்டர் போன். அக்கா, நீ சொன்னியே, எப்ப வேணா வாடின்னு. ம். ஆமா. இல்லக்கா, அழாத. நீ அழுதா நான் எப்படிப் பேசறது? உங்க ஊர்லேர்ந்து ரெண்டு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு, இங்க மூணாவது இடத்துல வந்து நிக்கும். எனக்குத் தெரியாதா!”

எக்ஸ்ரேக்காரர் படத்தோடு வெளியே வந்தார். உள்ளே எல்லாம் கேட்டிருக்க வேண்டும். படத்தை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, “இன்னும் ரெண்டு படம் எடுக்கணும்னு நினைக்கிறேன்,” என்று பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கை அணைக்காமலே திரும்ப உள்ளே போனார்.

வெளியே வந்தபோது கடைக்காரர் வழிமறித்தார். “என்ன சார், இவ்வளவு நேரம்? என்ன சொன்னா?”

அந்தம்மா பின்னால் நின்றார். அந்த நேரத்தில் கடைக்காரர் டாக்டர் முகத்தில் எதைப் படித்துவிடுகிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தேடிக்கொண்டு வந்த மூத்த சிஸ்டரிடம், உள்ளேயே எழுதிவைத்த சீட்டை ரெடிமேட் நீட்டினார். அதில் ‘உள்நோயாளி, பெண்கள் வார்டு, பார்வையாளருக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தது.

“அட்மிஷனா? கைக்கு எதுக்கு சார் அட்மிஷன்?” கடைக்காரர் குரலை உயர்த்தினார். “டாக்டர், உங்களத்தான் கேக்கறேன்!”

ரெடிமேட் வாயைத் திறந்தார். பல் டாக்டர் அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை. ரத்தம் நிற்கவில்லை. தாடைவழியாக இறங்கிக் கோட்டில் சொட்டியது. கடைக்காரர் இரண்டடி பின்னால் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் ரத்தத்தைக் கண்டால் சிலருக்கு ஆகாது.

“எலும்பு ரெண்டா போயிருக்கு சார், நாளைக்குத்தான் பெரிய டாக்டர் வந்து பார்ப்பார்,” என்றார் மூத்த சிஸ்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “வார்டுக்குள்ள ஆம்பிளைங்க கூடாது. வாங்கம்மா.”

நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, ரெடிமேடின் கை பழக்கதோஷத்தில் ‘வழு’ வரை போய்விட்டது. அடித்தார். அந்தம்மா சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். சின்ன வாக்கியம்தான். எழுதி முடிக்க ஏனோ நேரம் பிடித்தது.

சாயந்திரம் அக்கா வந்து சேர்ந்தார். மறுநாள் பயிற்சி மேடமும் வந்து, என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிவிட்டு, எதை எடுப்பது என்பதை அந்தம்மாவிடமே விட்டார். சினிமாவாக இருந்தால் கடைக்காரர் ஜெயிலுக்குப் போயிருப்பார், பின்னணியில் இசை வந்திருக்கும். நடந்தது அதுவல்ல. அந்தம்மா மாவுக்கட்டோடு அக்கா வீட்டுக்குப் போனார். கட்டுப் பிரிக்க அக்காவோடு திரும்பி வந்தார்.

“வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார் ரெடிமேட். கேட்டுவிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது. பிரசவ வார்டில்கூட இப்படி யாரும் முக்கிப் பார்த்ததில்லை என்று மூத்த சிஸ்டர் இன்றைக்கும் சொல்வார்.

அந்தம்மா அவசரப்படவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். “சொல்றேன் டாக்டர்,” என்றார். “மொதல்லேர்ந்து சொல்லட்டுமா?”

அதன் பிறகு ரெடிமேடின் வரிசை நீண்டுபோனது. நான்கு பேரைப் பார்க்கிற நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்கிறார். மாதக் கணக்கில் பூஜ்யம் போய் எண்கள் வர ஆரம்பித்தன. மேலிடம், ஊரில் திடீரென்று வன்முறை பெருகிவிட்டதா என்று விளக்கம் கேட்டு எழுதியது. நிர்வாகி பதறிப்போய் இன்னொரு போர்டுக்குச் சொல்லியிருக்கிறார்: ‘இங்கே அமைதியாகக் காது கொடுத்துக் கேட்கப்படும்.’ அம்புக்குறியோடு.

இதெல்லாம் டாக்டர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டு வாசித்துக்கொண்டிருப்பீர்கள். போன வாரம் மாடிப்படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டு அக்கா, கொளுத்துகிற வெயிலில் கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்தியிருந்தாரே, “என்னக்கா, சளியா? சீசனே சரியில்ல, வெந்நீர் குடிங்க” என்று அவர் வாயைத் திறப்பதற்குள் நாலு படி இறங்கிப் போனது நீங்கள் இல்லையே? இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிப்பட்டவரா? நின்று கேட்டிருப்பீர்கள். அவரும் சளி என்றுதான் சொல்லியிருப்பார். இப்போது நன்றாகத்தான் இருப்பார். மனசில் ஒன்றும் உறுத்தல் இல்லையே? இல்லை. சரி, நான் வருகிறேன்.